16×2 எல்சிடி, முதுகுல ஐ2சி போர்டோட: ரெண்டு வருஷம் ஓட்டிட்டு எழுதற ரிவ்யூ

இந்த டிஸ்ப்ளேவுக்கு ஒரு ஸ்டார் குடுத்து நாலு திட்டு எழுதலாம்னு நான் உக்காந்த நாள் ஒண்ணு இருக்கு, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு லித்தியம் செல்லை சார்ஜ்ல போட்டுட்டு, நானே கட்டின மீட்டரை பக்கத்துல வச்சுட்டு வேற வேலை பாத்துட்டு இருந்தேன். 3.97, 3.98, 3.99ன்னு அழகா ஏறிட்டு இருந்தது. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பிப் பாத்தா திரையில 4.7 வோல்ட். லித்தியம் செல்லுக்கு 4.2தான் ஃபுல், 4.7ன்னா நெருப்புக்கு பக்கத்துல நிக்கற மாதிரி. வயரைப் புடுங்கி, செல்லைத் துணியில புடிச்சுத் தூக்கிட்டுப் போய் வெளிய வச்சுட்டு, கை நடுங்க மல்டிமீட்டர் வச்சுப் பாத்தா 4.06. செல்லு பாவம், சூடு கூட ஆகல.

டிஸ்ப்ளே டுபாக்கூருன்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் ராத்திரி உக்காந்து நாம எழுதின ப்ரோக்ராம் கோடைப் பாத்தாதான் தெரியுது. சென்சார்ல இருந்து வந்த எண் 4072 மில்லிவோல்ட். அதை 1000-ஆல வகுத்தா ஈவு 4, மீதி 72. மீதியை 10-ஆல வகுத்தா 7. நான் 4 எழுதி, புள்ளி வச்சு, 7 எழுதச் சொல்லியிருக்கேன், அது எழுதிருச்சு. நடுவுல ஒரு சைபர் போடணும்னு அதுக்கு யார் சொன்னா? 4.00 வந்தப்போ 4.0, 4.01 வந்தப்போ 4.1, இப்படியே 4.9 வரைக்கும் போயிட்டு அப்புறம் நல்ல புள்ளையா 4.10ன்னு காட்டியிருக்கும், நான்தான் நடுவுல பாத்து அலறிட்டேன். அன்னையில இருந்து இந்த மாதிரி சின்ன திரைகளுக்கு வர்ற மோசமான ரிவ்யூக்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும், இதுல எத்தனை திரையோட தப்பு, எத்தனை வகுத்தல் கணக்கோட தப்புன்னு. அதனால இந்த ரிவ்யூல பாதிக்கு மேல கணக்குதான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

பொருள் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். 16 எழுத்து, 2 வரி, ஒவ்வொரு எழுத்தும் 5க்கு 8 புள்ளி. ஹிடாச்சியோட எச்டி44780ங்கற பழைய சிப்புக்கு எழுதின கட்டளை எல்லாம் அப்படியே இதுலயும் ஓடும். முதுகுல பிசிஎஃப்8574 சிப் வச்ச ஒரு குட்டி போர்டு ஒட்டி வருது, அது ஐ2சி, அதாவது சிப்புங்க ரெண்டே வயர்ல பேசிக்கற முறையில பேசும், அதனால கரென்ட்டுக்கு ரெண்டையும் சேத்து நாலே வயர் போதும். வந்த அன்னைக்கு ஆன் பண்ணா நீல வெளிச்சம் மட்டும் வரும், எழுத்து ஒண்ணும் தெரியாது, பயந்துடாதீங்க. பின்னாடி ஒரு சின்ன நீலக்கலர் ப்ரீசெட் இருக்கும், ஸ்க்ரூட்ரைவர் வச்சு மெதுவா திருப்பினா எழுத்து வெளிய வரும். மேல் வரியில மட்டும் கட்டம் கட்டமா தெரிஞ்சா கான்ட்ராஸ்ட் ஓகே, ஆனா மைக்ரோகன்ட்ரோலர் இன்னும் திரையோட பேசவே ஆரம்பிக்கலன்னு அர்த்தம். அது பெரும்பாலும் அட்ரஸ், அதாவது அந்த போர்டைக் கூப்பிடற எண், அதுல வர்ற பிரச்சனை. பிசிஎஃப்8574ன்னா ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண் முறை) 27, அதே சிப்போட ஏ வகைன்னா ஹெக்ஸ் 3எஃப். எனக்கு ஒரே பாக்கெட்ல வந்த ரெண்டுல ஒண்ணு 27, இன்னொண்ணு 3எஃப், வித்தவங்ககிட்ட கேட்டா அவங்களுக்கே தெரியல.

நான் கட்டினது ஒரு பேட்டரி மீட்டர். மூளை ஏடிமெகா328பிங்கற மைக்ரோகன்ட்ரோலர் சிப், சென்சார் வோல்ட்டையும் கரென்ட்டையும் அளக்கற ஐஎன்ஏ219. மேல் வரியில வோல்ட்டும் மில்லிஆம்ப்பும், கீழ் வரியில இதுவரைக்கும் எவ்ளோ மில்லிஆம்ப்-அவர் போயிருக்கு, அது எத்தனை சதவீதம். இதுல அழகு என்னன்னா ஐஎன்ஏ219 குடுக்கறதே முழு எண்தான். வோல்ட்டுக்கு ஒரு படி 4 மில்லிவோல்ட், மாட்யூல்ல கரென்ட்டை அளக்கறதுக்குன்னே இருக்கற 0.1 ஓம் ரெசிஸ்டர்ல (ஷண்ட்) ஒரு படி 10 மைக்ரோவோல்ட், அதாவது சரியா 0.1 மில்லிஆம்ப். அதனால உள்ள வர்ற எண்ணை 'மில்லிஆம்ப்புல பத்துல ஒண்ணு'ங்கற அலகுலயே வச்சுக்கிட்டு, கடைசியில திரைக்குப் போகும்போது மட்டும் புள்ளி வச்சா போதும். 812.4 மில்லிஆம்ப்னா உள்ள 8124, அவ்ளோதான்.

ஃப்ளோட், அதாவது தசமப் புள்ளியோட எண்ணை வச்சுக்கற வேரியபிள் போட்டா ஒரு வரியில முடியுமேன்னு கேப்பீங்க. நானும் மொதல்ல ஃப்ளோட்தான் போட்டேன். ஆர்டுயினோ லைப்ரரியோட பிரின்ட்ல ஃப்ளோட் குடுத்தா ரெண்டு தசமம் போட்டு அழகா எழுதும், அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா வரியை நேரா அடுக்கணும்னு எஸ்பிரின்ட்எஃப்ங்கற ஃபங்ஷன் பக்கம் போனீங்கன்னா ஏவிஆர்ல (ஏடிமெகா சிப்போட குடும்பப் பேரு) எண் வரவேண்டிய இடத்துல ஒரு கேள்விக்குறி வந்து நிக்கும், ஏன்னா இடம் மிச்சம் பண்ண ஃப்ளோட் எழுதற பகுதியை விட்டுட்டுதான் அந்த லைப்ரரி சேரும். அந்தக் கேள்விக்குறியைப் பாத்துட்டு 'டிஸ்ப்ளேல எண்ணே வரல, ரிட்டர்ன் பண்ணிட்டேன்'னு எழுதினவங்களை நான் பாத்திருக்கேன். இந்த சிப்ல ஃப்ளோட்டுக்கு தனி ஹார்டுவேர் கிடையாது, எல்லாமே சாஃப்ட்வேர்ல ஓடுது, டபுள்னு எழுதினாலும் ஏவிஆர் கம்பைலர்ல சும்மா அதே 32 பிட்தான். சரி இதெல்லாம் பரவால்ல, மெதுவா ஓடினா ஓடட்டும்னு விட்டிருப்பேன், ஃப்ளோட்டை விட்டதுக்கு உண்மையான காரணம் வேற, அதுக்கு வர்றேன்.

மொதல்ல சதவீதம். 2200 மில்லிஆம்ப்-அவர் செல்லு, போன அளவை 2200-ஆல வகுத்து 100-ஆல பெருக்குன்னு எழுதினேன். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த மாதிரியேதான். திரையில 0%. ஒரு மணி நேரம் கழிச்சும் 0%. ஏன்னா முழு எண் வகுத்தல்ல 328-ஐ 2200-ஆல வகுத்தா 0, அதை நூறால பெருக்கினாலும் ஆயிரத்தால பெருக்கினாலும் 0. சரி, பெருக்கிட்டு வகுக்கணும்னு புரிஞ்சுது, மாத்தினேன். 1%, 2%ன்னு ஏற ஆரம்பிச்சுது, சந்தோஷமா தூங்கப் போயிட்டேன். காலையில பாத்தா என்னமோ கழித்தல் குறி. திரும்ப ஓட்டி பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். 327 வரைக்கும் 14%. 328 ஆச்சு, -14%. அவ்ளோ துல்லியமா அந்த ஒரு எண்ல கவுந்துச்சு. 327-ஐ நூறால பெருக்கினா 32,700. 328-ஐ பெருக்கினா 32,800. இந்த சிப்ல சாதாரண இன்ட், அதாவது முழு எண் வேரியபிள், 16 பிட், அதுல 32,767 வரைக்கும்தான் இடம், அதுக்கு மேல போனா அந்தப் பக்கம் போய் கீழ இருந்து வரும். 32,800ங்கறது -32,736 ஆயிடுச்சு, அதை 2200-ஆல வகுத்தா -14. கம்ப்யூட்டர்ல இதே கோடை ஓட்டினா ஒழுங்கா வரும், அங்க இன்ட் 32 பிட், அதனால லேப்டாப்ல டெஸ்ட் பண்ணிட்டு சிப்ல ஏத்தறவங்களுக்கு இது நல்லா வெளையாட்டு காட்டும். பெருக்கறதுக்கு முன்னாடியே 32 பிட்டுக்கு மாத்திடணும். பெருக்கி முடிச்ச விடையை 32 பிட் வேரியபிள்ல போட்டு பிரயோஜனம் இல்ல, அதுக்குள்ள உள்ள கெட்டுப்போயிருக்கும். நான் அதையும் ஒரு தடவை பண்ணிப் பாத்தேங்கறது வேற விஷயம்.

இப்போ அந்த உண்மையான காரணம். மில்லிஆம்ப்-அவர் கணக்கு எப்படின்னா, ஒரு செகண்டுக்கு பத்து தடவை கரென்ட்டைப் படிச்சு ஒரு வேரியபிள்ல கூட்டிக்கிட்டே போறேன். அலகு 0.1 மில்லிஆம்ப், செகண்டுக்கு பத்து, ஒரு மணிக்கு 3600 செகண்டு. ஆக ஒரு மில்லிஆம்ப்-அவர்னா 3,60,000 கூட்டல் அலகு. ஃப்ளோட்ல கூட்டிட்டு இருந்தப்போ 2000 மில்லிஆம்ப்-அவர் பக்கம் வந்ததும் உள்ள எண் 72 கோடி. ஃப்ளோட்டுக்கு 24 பிட்தான் துல்லியம், 1,67,77,216 வரைக்கும்தான் ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்தனியா நினைவு வச்சுக்கும், 72 கோடி உயரத்துல அதோட ஒரு படி 64. அங்க போய் நீங்க 30-ஐக் கூட்டினா, பக்கத்துப் படி 64 தள்ளி இருக்கு, 30 பாதிக்கும் கம்மி, அதனால இருந்த இடத்துலயே நிக்கும். 30ன்னா 3 மில்லிஆம்ப். அதாவது சார்ஜ் முடியற நேரத்துல செல்லுக்குள்ள 3 மில்லிஆம்ப் ராத்திரி முழுக்க போய்க்கிட்டே இருந்தாலும் என் மீட்டர் அதுல ஒரு துளி கூட கணக்குல எடுக்கல. எட்டு மணி நேரத்துக்கு 24 மில்லிஆம்ப்-அவர் காணோம். திரையில பாத்தா எண் கல்லு மாதிரி நிக்குது, மேல் வரியில 3.0 மில்லிஆம்ப்னு ஓடுது, கீழ் வரி அசையல. திரை ஹேங் ஆயிடுச்சுன்னுதான் யாரா இருந்தாலும் நினைப்பாங்க.

முழு எண்ணுக்கு மாத்தினேன், 32 பிட், ஒவ்வொரு துளியும் சேந்துச்சு. ஒரு மாசம் நிம்மதி. அப்புறம் பெரிய பவர் பேங்க் ஒண்ணைக் கட்டி விட்டேன். 5000 தாண்டுச்சு, 5500 தாண்டுச்சு, 5965 வந்துச்சு, அடுத்தது -5965. ஐயோ இது திரும்பவுமான்னு தலையில கை வச்சேன், ஆனா இந்தத் தடவை கணக்குப் போட ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. 32 பிட் குறியோட சேத்து 2,14,74,83,647 வரைக்கும் போகும், அதை 3,60,000-ஆல வகுத்தா 5965. அவ்ளோதான் தொட்டி, நிரம்பி வழிஞ்சுடுச்சு. 64 பிட்டுக்குப் போயிடலாம், ஆனா 8 பிட் சிப்ல 64 பிட் வகுத்தல் போட்டு பத்து தடவை செகண்டுக்கு ஓட விடறது எனக்கு மனசு வரல. பழைய காலத்து கிலோமீட்டர் சக்கரம் மாதிரி பண்ணிட்டேன்: சின்ன தொட்டி ஒண்ணு, பெரிய தொட்டி ஒண்ணு. சின்னதுல கூட்டிக்கிட்டே போகும், அது 3,60,000 தாண்டினா அதுல இருந்து 3,60,000-ஐக் கழிச்சுட்டு பெரியதுல ஒண்ணு ஏத்தும். டிஸ்சார்ஜ் ஆகும்போது சின்னது மைனஸுக்குப் போனா 3,60,000-ஐச் சேத்துட்டு பெரியதுல ஒண்ணு குறைக்கும். மீதி ஒரு துளி கூட சிந்தாது, வகுத்தலே கிடையாது, திரைக்குப் போறது பெரிய தொட்டி மட்டும். இந்த ப்ராஜெக்ட்ல நான் பெருமைப்படற ஒரே இடம் இதுதான்.

மைனஸ் விஷயம் தனியா ஒரு தலைவலி. சார்ஜ் ஆனா ப்ளஸ், டிஸ்சார்ஜ் ஆனா மைனஸ்னு வச்சிருந்தேன். -0.4 மில்லிஆம்ப்னா உள்ள -4. பத்தால வகுத்தா 0, மீதி -4. திரையில என்ன வரும்? 0, புள்ளி, -4. "0.-4"ன்னு ஒரு எண்ணை வாழ்க்கையில மொதல் தடவையா பாத்தேன், ஃபோட்டோ கூட எடுத்து வச்சிருக்கேன். மீதியை மட்டும் ப்ளஸ் ஆக்கிட்டா போதும்னு நினைச்சா இன்னும் மோசம், -0.4ங்கறது 0.4ன்னு வரும், குறியே காணாமப் போயிடும், ஏன்னா சைபருக்கு மைனஸ் கிடையாது. குறி என்னன்னு மொதல்ல தனியா எழுதி வச்சுட்டு, எண்ணை ப்ளஸ் ஆக்கிட்டு, அப்புறமாதான் வகுக்க ஆரம்பிக்கணும். அதுலயும் ஒரு சின்ன வம்பு, ரவுண்ட் பண்ணி எண் சைபர் ஆயிட்டா -0.0ன்னு நிக்கும், பாக்கவே அசிங்கமா இருக்கும், அதனால ரவுண்ட் பண்ணதுக்கு அப்புறம் குறியைப் பாருங்க.

இன்னொண்ணு, எட்டு ரீடிங்கைக் கூட்டி சராசரி எடுக்கறப்போ எட்டால வகுக்கறதுக்குப் பதிலா மூணு பிட் வலப்பக்கம் தள்ளினா வேகம்னு எல்லாரும் சொல்வாங்க. ப்ளஸ் எண்ணுக்கு சரி. மைனஸ்ல -3-ஐ எட்டால வகுத்தா 0, மூணு பிட் தள்ளினா -1. ஒண்ணுமே கனெக்ட் பண்ணாம வச்சிருந்தும் மீட்டர் -0.1, -0.1ன்னு முணுமுணுத்துட்டே இருந்தது, சைபரையே சென்சார் கொஞ்சம் தள்ளிக் காட்டுது (ஆஃப்செட்)ன்னு நினைச்சு அதை சரிபண்ண ஒரு சனிக்கிழமையை வீணாக்கினேன்.

திரை பக்கம் வரேன், இது எல்லாருக்கும் வரும் பிரச்சனை. எச்டி44780-ல நீங்க எழுதினது அழியாது, அது மேல வேற எழுதறவரைக்கும் அங்கயே இருக்கும். 100% இருந்த இடத்துல 99% எழுதினா 99%%ன்னு வரும், பழைய சதவீதக் குறி வால் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். குறி போடாம வெறும் எண்ணா எழுதினா இன்னும் கொடுமை, 100 போய் 99 வரவேண்டிய இடத்துல 990ன்னு நிக்கும். இதுக்கு எல்லாரும் பண்றது, ஒவ்வொரு தடவையும் திரையை க்ளியர் பண்ணிட்டு எழுதறது. நானும் மொதல்ல அதைத்தான் பண்ணேன், அதனாலதான் அந்த 4.7-க்குப் பின்னாடி வால் இல்லாம சுத்தமா தெரிஞ்சு என்னை ஏமாத்துச்சு. க்ளியர் கட்டளைக்கு ஆகறது 1.52 மில்லிசெகண்டுதான், ஆனா அப்புறம் 32 எழுத்தையும் திரும்ப எழுதணுமே, ஐ2சி வழியா ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு மேல ஆகுது, ஏன்னா ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு பாதியா வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் எனேபிள் பின்னை ஏத்தி இறக்கி அனுப்புது. அந்த நேரம் பூரா திரை பாதி வெறுமையா இருக்கும், அதுதான் கண்ணுக்கு மினுமினுப்பா தெரியுது. 'ஃப்ளிக்கர் ஆகுது, மட்டமான பீஸ்'னு இதுக்கும் ரிவ்யூ இருக்கு.

நான் இப்போ பண்றது இதுதான். மெமரியில 16 கட்டம், ஒரு வரிக்கு. எண்ணை வலது ஓரத்துல இருந்து இடது பக்கமா நிரப்பறேன். பத்தால வகுத்து மீதியை வலது கடைசிக் கட்டத்துல, ஈவை திரும்பப் பத்தால வகுத்து மீதியை அதுக்கு முன்னாடி, புள்ளி வரவேண்டிய இடம் வந்தா புள்ளி, புள்ளிக்கு இடது பக்கம் ஒரு இலக்கமாவது கட்டாயம், அதுக்கு அப்புறம் ஈவு சைபர் ஆனா குறி இருந்தா குறி, மிச்சக் கட்டத்துல எல்லாம் வெற்றிடம். 4072-க்கு ரவுண்ட் பண்ணி 407 கையில இருக்கும்: 7, 0, புள்ளி, 4. அந்த சைபர் தானா வந்து உக்காந்துக்குது பாருங்க, தனியா யாரும் சொல்லவே வேண்டாம். -4-க்கு: 4, புள்ளி, 0, மைனஸ், மிச்சம் வெற்றிடம். வாலும் இல்ல, மினுமினுப்பும் இல்ல, எண்ணும் ஆடாம ஒரே இடத்துல நிக்கும். இந்த ஒரு பத்து வரி கோடை மொதல் நாளே எழுதியிருந்தா இந்த ரிவ்யூவே மூணு வரியில முடிஞ்சிருக்கும். ஒரு எச்சரிக்கை, 16 எழுத்துக்கு மேல அனுப்பினா அடுத்த வரிக்கு தானா வராது, உள்ள ஒரு வரிக்கு 40 எழுத்துக்கு மெமரி இருக்கு, 17-வது எழுத்து கண்ணுக்குத் தெரியாத இடத்துல போய் உக்காந்துக்கும்.

பத்தால வகுக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை. ஏடிமெகா328-ல பெருக்கலுக்கு ஹார்டுவேர் உண்டு, ரெண்டே க்ளாக்ல முடிஞ்சுடும், வகுத்தலுக்கு கட்டளையே கிடையாது. செகண்டுக்கு மூணு நாலு தடவை திரையை மாத்தறதுக்கு இதெல்லாம் கவலையே படவேண்டாம், ஆனா ஆசைக்கு: 255 வரைக்கும் உள்ள எண்ணை 205-ஆல பெருக்கி 11 பிட் வலப்பக்கம் தள்ளினா பத்தால வகுத்த ஈவு சரியா வரும். 247-ஐ பெருக்கினா 50,635, தள்ளினா 24. ஏடிடைனி85 மாதிரி பெருக்கலே இல்லாத குட்டிச் சிப்ல இருந்தீங்கன்னா 1000, 100, 10ன்னு எத்தனை தடவை கழிக்க முடியுதுன்னு எண்ணறதே போதும், நம்ம தாத்தா காலத்து சில்லறை எண்ற மாதிரி.

ரவுண்ட் பண்றதைச் சொன்னேனே, அதுலயும் ஒரு கூத்து. வகுத்தல் மீதியைத் தூக்கிப் போட்டுடும், அதனால 4196 மில்லிவோல்ட் எப்பவுமே 4.19ன்னுதான் வந்துச்சு. சார்ஜர் 4.20-க்கு வரவே மாட்டேங்குதுன்னு சார்ஜரை மாத்தினேன். உண்மையா மாத்தினேன். வகுக்கறதுக்கு முன்னாடி பாதியைச் சேத்தா, அதாவது 4196-ல 5-ஐக் கூட்டிட்டு பத்தால வகுத்தா 420, முடிஞ்சுது. ஆனா சென்சார் படி 4 மில்லிவோல்ட்ங்கறதால 4192-க்கும் 4196-க்கும் நடுவுல அது ஆடிக்கிட்டே இருக்கும், திரையில 4.19, 4.20, 4.19ன்னு தாண்டவம். மூணு தசமம் காட்டி 'ஹை-ப்ரிசிஷன்'னு பந்தா பண்ணலாம்னு பாத்தா கடைசி இலக்கம் நாலு நாலாதான் குதிக்கும், அது துல்லியம் இல்ல, வேஷம். ரெண்டு தசமத்தோட நிறுத்திக்கிட்டு, திரையில இருக்கற எண்ணுல இருந்து 6 மில்லிவோல்ட்டுக்கு மேல நகந்தா மட்டும் மாத்துன்னு வச்சுட்டேன். கண்ணுக்கு இதமா இருக்கு. இந்தத் திரையும் வேகமா மாத்தினா நிழல் நிழலா தெரியும், குளிர் நேரத்துல இன்னும் மந்தம், செகண்டுக்கு மூணு தடவை போதும்.

இந்த எல்சிடில எனக்கு ரொம்பப் புடிச்சது, நாமளே எழுத்து வரைஞ்சுக்கலாம், எட்டு எழுத்துக்கு இடம் இருக்கு. ஒரு கட்டத்துக்கு அஞ்சு நெடுக்குக் கோடு, 16 கட்டத்துக்கு 80 கோடு. அளவை 80-ஆல பெருக்கி 2200-ஆல வகுத்தா எத்தனை கோடு நிரப்பணும்னு வந்துடும், அஞ்சால வகுத்தா முழுக் கட்டம் எத்தனை, மீதி எத்தனை கோடுன்னு. ஒரு ஃப்ளோட் கூட இல்லாம வழுக்கிக்கிட்டு போற பேட்டரி பார். அந்த மிச்ச இடத்துல தமிழ் எழுத்தும் வரைஞ்சு பாத்தேன், ட, ப எல்லாம் ஜம்முன்னு வந்துச்சு, ணை போட உக்காந்தேன், அஞ்சு புள்ளி அகலத்துல அது ஒரு கறையா மாறிடுச்சு.

வேற திரை வாங்கலாமான்னு கேட்டா, 0.96 இன்ச் ஓஎல்இடியும் என்கிட்ட இருக்கு, எஸ்எஸ்டி1306 சிப் வச்சது. எழுத்து கூர்மை, எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் தெரியும், அதுல இதைவிட பல மடங்கு மேல். ஆனா 128க்கு 64 புள்ளிங்கறது 1024 பைட், ஏடிமெகா328-ல மொத்த ரேமே 2048, பாதியைத் திரைக்கே தாரை வாக்கணும். சாதாரண 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சில ஒரு முழுத்திரை அனுப்ப கிட்டத்தட்ட 92 மில்லிசெகண்டு, நான் நூறு மில்லிசெகண்டுக்கு ஒருக்கா கரென்ட் படிக்கணும், எங்க போறது. அப்புறம் நாள் முழுக்க ஒரே இடத்துல ஒரே எழுத்து நிக்கற மீட்டருக்கு ஓஎல்இடி சரிப்படாது, அந்த இடம் மட்டும் மங்கிப்போகும். டிஎம்1637 வச்ச நாலு இலக்க சிவப்புத் திரை ரொம்ப தூரத்துல இருந்து தெரியும், ஆனா பல மாட்யூல்ல நடுவுல கடிகாரத்துக்கு வர்ற ரெட்டைப் புள்ளி மட்டும்தான் எரியும், தசமப் புள்ளிக்கு வயரே போகாது. வோல்ட் காட்ட அதை வாங்கிட்டு 4:07ன்னு பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

குறைன்னு நேர்மையா சொல்லணும்னா, பக்கவாட்டுல இருந்து பாத்தா எழுத்து செத்துப்போகுது. 5 வோல்ட் வகையை 3.3-ல ஓட்டினா கான்ட்ராஸ்ட் பத்தாது, திருப்பித் திருப்பி ஸ்க்ரூ தேஞ்சதுதான் மிச்சம். முதுகு போர்டுல ஐ2சி லைனை 5 வோல்ட்டுக்கு இழுத்து வச்சிருக்காங்க, 3.3 வோல்ட் சிப்போட நேரா இணைக்கறவங்க நடுவுல வோல்ட்டை மாத்திக் குடுக்கற லெவல் ஷிஃப்டர் போட்டுக்கோங்க. சாலிட்ரிங் ஒரு பீஸ்ல நல்லா இருந்தது, இன்னொண்ணுல ரெண்டு பின் சும்மா தொட்டுக்கிட்டு இருந்தது, நானே திரும்ப சூடு காட்டினேன். அந்த கான்ட்ராஸ்ட் ப்ரீசெட் மட்டமான சாமான், பெட்டியை மூடினப்புறம் ஆட்டத்துல தானா நகந்து ஒரு தடவை திரை வெறுமையாயிடுச்சு, இப்போ அது மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

அஞ்சுக்கு நாலு. குறைச்ச ஒண்ணு அந்த ப்ரீசெட்டுக்கும் பக்கவாட்டுப் பார்வைக்கும் மட்டும், எண்ணுக்கு இல்ல. இதை எழுதிட்டு இருக்கும்போது பக்கத்துல ஒரு செல்லு சார்ஜ் முடிஞ்சு கிடக்கு, மேல் வரியில 4.20, அதுக்குப் பக்கத்துல 0.0, முன்னாடி மைனஸ் இல்லாம.